பழைய ரிமோட் பொம்மையில் இருந்து படகு: எந்த வழியில் கட்டுவது?

வீட்டில் ரிமோட் படகு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் உடலில் இருந்துதான் தொடங்குவார்கள். தெர்மாகோலை வெட்டி, மூக்கைக் கூராக்கி, வண்ணமும் பூசிவிடுவார்கள். பிறகு கைக்குக் கிடைத்த மோட்டாரை உள்ளே வைத்து, கடைசியில் ரிமோட் காரின் போர்டை (ரிமோட்டின் சிக்னலை வாங்கி மோட்டாரை ஓட்டும் மின்சுற்றுத் தகடு) அதில் இணைப்பார்கள். அரை நிமிடத்தில் போர்டில் புகை வரும். வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். பழைய பொருட்களில் கட்டும்போது, உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாத பாகம் அந்த ரேடியோ போர்டு ஒன்றுதான். அது எத்தனை ஆம்பியர் தாங்கும், எத்தனை கட்டளை கொடுக்கும் என்று தெரிந்த பிறகே மோட்டார். மோட்டார் முடிவான பிறகு துடுப்பா விசிறியா என்ற கேள்வி. உடல் எல்லாவற்றுக்கும் கடைசி. இவை எல்லாவற்றின் எடையையும் அது சுமந்தால் போதும்.

ஆகவே இந்த ஒப்பீடும் அதே வரிசையில் போகிறது.

போர்டு எவ்வளவு தாங்கும்?

பழைய ரிமோட் காரைத் திறந்தால் ஒரு சிறு போர்டு, ஒரு மெல்லிய ஏரியல் வயர், இரண்டு மோட்டார்கள் இருக்கும். 27, 40, 49 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய வகைகளில் ரிசீவர் சிப் பெரும்பாலும் ஆர்எக்ஸ்-2 குடும்பத்தைச் சேர்ந்தது. முன், பின், இடம், வலம், டர்போ என்று ஐந்து கட்டளைகள் அதற்குத் தெரியும். எல்லாம் ஆன் அல்லது ஆஃப். பாதி வேகம் என்ற பேச்சே இல்லை.

சிப்புக்கும் மோட்டாருக்கும் இடையில் டிரான்சிஸ்டர்கள் இரண்டு கூட்டமாக நிற்கும். ஒரு கூட்டம் பின்சக்கரத்தை ஓட்டும் மோட்டாருக்கு, இன்னொன்று முன்சக்கரத்தைத் திருப்புவதற்கு. இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று நினைத்து ஒவ்வொன்றிலும் ஒரு விசிறி மோட்டாரை மாட்டுவதுதான் மிகப் பொதுவான தவறு. திருப்பும் பக்கம் நொடிக்கணக்கில்தான் வேலை செய்யும் என்பதால் அங்கே பெரும்பாலும் 8050, 8550 போன்ற சின்ன டிரான்சிஸ்டர்களைப் போட்டு முடித்திருப்பார்கள். அதில் விசிறி மோட்டாரை மாட்டித் தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் விரல் வைக்க முடியாத சூடு வந்துவிடும். அதன்பிறகு அந்தப் பக்கம் வேலை செய்யாது.

பொம்மைகளில் இருக்கும் 130 அளவு மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 1.5 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட வகை, சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 9,000 சுற்று போகும், 0.2 ஆம்பியர் இழுக்கும். நன்றாக வேலை செய்யும் நிலையில் 0.6, 0.7 ஆம்பியர். பாசி சுற்றிக்கொண்டு நின்றுவிட்டால் 2 ஆம்பியருக்கு மேல். கார் போர்டின் ஓட்டும் பக்கம் இதைச் சமாளிக்கும், ஏனென்றால் அது இந்த மோட்டாருக்காகவே செய்யப்பட்டது. டிரில்லில் இருக்கும் 550 அளவு மோட்டாரோ பெரிய ரிமோட் காரின் 540 மோட்டாரோ நின்றுபோனால் பத்துக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும். பொம்மைப் போர்டில் அதை மாட்டவே கூடாது.

எந்தப் பொம்மையை உடைப்பது?

குப்பையில் ஐந்து பொம்மைகள் கிடந்தால் முதலில் கைவைக்க வேண்டியது டாங்க் அல்லது மண் அள்ளும் இயந்திரம்; சங்கிலிச் சக்கரம் உள்ள எதுவும் சரி. காரை விட இது படகுக்குப் பல மடங்கு பொருத்தம். இடது சங்கிலிக்கு ஒரு மோட்டார், வலது சங்கிலிக்கு ஒரு மோட்டார், இரண்டுக்கும் ஒரே பலமுள்ள டிரான்சிஸ்டர்கள். இரண்டும் தனித்தனியாக முன்னும் பின்னும் போகும். படகுக்குச் சுக்கானே தேவையில்லை. ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால் என்று ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். கூடவே வேகத்தை நன்றாகக் குறைத்த கியர் பெட்டியும் தயாராகக் கிடைக்கிறது. அது ஏன் முக்கியம் என்பதைத் துடுப்புச் சக்கரத்தில் பார்க்கலாம்.

இடம், வலம் தனியாக உள்ள சாதாரண ரிமோட் கார் அடுத்தது. ஒரு விசிறி, ஒரு சுக்கான் என்ற மரபான அமைப்புக்கு இது சரி. ஆனால் காரின் திருப்பும் அமைப்பைக் கழற்றி அப்படியே சுக்கானில் கட்டும் முன் அது எந்த வகை என்று பாருங்கள். சிறு மோட்டார், பற்சக்கரம், நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் உள்ளதென்றால் சுக்கானைத் தள்ளும். காந்தமும் சுருளும் மட்டும் உள்ள மலிவு வகைக்குத் தண்ணீரின் எதிர்ப்பைத் தள்ளப் பலம் போதாது. கரையில் அழகாக ஆடும், தண்ணீரில் அசையாது. எந்த வகையானாலும் சுக்கான் முழு இடம், நடு, முழு வலம் என்ற மூன்றே நிலையில் நிற்கும். நேராகப் போக பட்டனைத் தட்டித் தட்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

முன்னால் போகும், பின்னால் வந்தால் மட்டும் திரும்பும் ஒற்றைக் கட்டளை கார்களை வீண் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) இருந்தால் அதிலும் படகு ஓடும். ஒரே வெளியீட்டில் இரண்டு 130 மோட்டார்களைப் பக்கவாட்டில் வைத்து இணையுங்கள். இடது மோட்டாரின் வயரில் ஒரு டயோடைத் தொடராகச் சேர்த்தால், முன்னால் போகும்போது இரண்டும் சுற்றும். பின்னால் அழுத்தினால் வலது மட்டும் சுற்றி, படகு ஒரு பக்கமாகத் திரும்பும். ஒரு சிக்கல் உண்டு. டயோடு 0.7 வோல்ட்டைத் தின்றுவிடுவதால் இடது மோட்டார் மெதுவாகி, நேராகப் போகச் சொன்னாலும் படகு வளைந்து போகும். வலது மோட்டாரின் வயரிலும் இரண்டு டயோடுகளை எதிரெதிராக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்தால் இரு பக்கமும் சமமாகிவிடும். ஒரு போர்டில் இரண்டு மோட்டார் என்பதால் சிறிய விசிறியே போடவேண்டும். சின்னக் குளத்துக்கு இது போதும்.

உடைந்த டிரோனில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது மோட்டார்களும் இறக்கைகளும்; போர்டை விட்டுவிடுங்கள். அந்தப் போர்டுக்குள் சாய்வை அறியும் சென்சார் இருக்கிறது. அலையில் படகு ஆடினால், டிரோன் சாய்கிறது என்று நினைத்து ஒரு மோட்டாரைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும்.

பொம்மைப் படகு கிடைத்தால்? அதைப் படகாகவே சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். விசிறியைச் சுழற்றும் தண்டு (ஷாஃப்ட்) போகும் தண்ணீர் புகாத குழாய் அதில் ஏற்கெனவே இருக்கிறது, கையால் செய்வதில் மிகக் கடினமான பாகமும் அதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: பல பொம்மைப் படகுகளின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். அவை தண்ணீரில் நனைந்தால்தான் மோட்டார் ஓடும். மேசையில் ஓடவில்லை என்று போர்டைக் குறை சொல்லும் முன் ஈரத்துணியை அந்த இரண்டு புள்ளிகளிலும் வைத்துப் பாருங்கள்.

புதிய ரேடியோ வாங்கினால் என்ன கிடைக்கும்?

மற்ற எல்லாவற்றையும் பழையதில் எடுத்து, ஒன்றே ஒன்றைப் புதிதாக வாங்குவதென்றால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவாகவே இருக்கட்டும். ரிமோட், ரிசீவர், அதோடு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி. இதில் கிடைக்கும் பெரிய லாபம் தூரம் அல்ல, பாதி வேகம். மெதுவாகக் கரைக்குக் கொண்டுவர முடியும். சுக்கானை ஐந்து டிகிரி மட்டும் திருப்ப முடியும். பக்கத்தில் இன்னொருவர் ஓட்டினாலும் குழப்பம் வராது. ஒரே அலைவரிசையில் இரண்டு 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகள் இருந்தால் ஒருவர் பட்டன் அடுத்தவர் படகைத் திருப்பும்.

இஎஸ்சி வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பிரஷ் மோட்டாருக்கானதா (பொம்மைகளில் வரும் இரண்டு வயர் வகை), பின்னோக்கி ஓட்டுமா (விமானத்துக்கான பல வகைகள் ஓட்டாது), ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும் பகுதி உள்ளே இருக்கிறதா. மலிவு வகைகளின் மேல் எழுதியிருக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை நம்பவேண்டாம். கைவிரல் அகல அலுமினியத் தகடு அவ்வளவு சூட்டை எங்கே கடத்தும்?

சுக்கானுக்கு 9 கிராம் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) ஒன்று போதும். இரண்டு மோட்டார் அமைப்பென்றால் இரண்டு இஎஸ்சி வாங்கி, ரிமோட்டில் உள்ள மிக்ஸிங் வசதியால் ஒரே குச்சியில் ஓட்டலாம். முதல் நாளே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைப்பது. சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொள்ளும். படகு முழு வேகத்தில் எதிர்க்கரைக்குப் போய்விடும். ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், கரையில், விசிறி காற்றில் இருக்கும்போது.

புதிய ரேடியோவுக்கும் பொம்மைப் போர்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. கார் போர்டின் வெளியீட்டில் மோட்டாருக்குப் பதில் 5 வோல்ட் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்றை இணைத்து, ரிலேயின் முனைகள் வழியாகப் பெரிய மோட்டாரை ஓட்டுவது. அந்த ரிலேயின் சுருள் 70 மில்லி ஆம்பியர் அளவுதான் இழுக்கும், போர்டுக்குச் சுமையே இல்லை. சுருளோடு தொடராக ஒரு 4007 டயோடு வைத்தால் முன்னோக்கும் கட்டளைக்கு மட்டும் ரிலே இழுக்கும். சுருளின் குறுக்கே எதிர்த்திசையில் இன்னொன்று வைத்தால் அணையும்போது கிளம்பும் மின்னழுத்தம் போர்டைத் தாக்காது. ஆனால் ரிலே படகு முழு வேகம் அல்லது நிறுத்தம் என்றே ஓடும், பெரிய மோட்டாரில் அது ஓட்டுவதற்குச் சுகமாக இருக்காது. கையில் டிரில் மோட்டார் இருக்கிறது, இஎஸ்சி வாங்க வழியில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். பெரிய மோட்டாருக்கும் போர்டுக்கும் தனித்தனி பேட்டரி வேண்டும். ஒரே பேட்டரி என்றால் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து அணைந்து எரியும். ரிலே படபடவென்று அடிக்கும்.

துடுப்புச் சக்கரம், நீருக்குள் விசிறி, காற்று விசிறி

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டை போடுவதா வேண்டாமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. ஓட்டை போட்டால் வேகமும் திறனும் கிடைக்கும். போடாவிட்டால் படகு மூழ்காது.

துடுப்புச் சக்கரத்துக்கு ஓட்டை தேவையில்லை. அச்சு தண்ணீருக்கு மேலேயே இருக்கும். கவனிக்க வேண்டியது சுழலும் வேகம். வினாடிக்கு 30 செ.மீ. நகரும் டாங்கில், சங்கிலியை ஓட்டும் பற்சக்கரம் 3 செ.மீ. விட்டம் என்றால் அது நிமிடத்துக்கு 190 சுற்று சுற்றுகிறது. அதில் 9 செ.மீ. விட்டமுள்ள துடுப்புச் சக்கரத்தை மாட்டினால் துடுப்பின் நுனி வினாடிக்கு 90 செ.மீ. போகும். தண்ணீரில் சுமை ஏறிக் கொஞ்சம் குறைந்தாலும் படகுக்கு மெதுவான நடை வேகம் வரும். காரின் கணக்கு வேறு. வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் காரில் 5 செ.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 760 சுற்று போகிறது. அதே துடுப்பை அதில் மாட்டினால் தண்ணீரை வாரி இறைக்குமே தவிர படகு நகராது, மோட்டார் கொதிக்கும். டாங்கின் கியர் பெட்டி துடுப்புக்கே அளந்து செய்ததுபோல இருப்பதற்கு இதுதான் காரணம்.

சக்கரத்துக்கு இரண்டு பழைய குறுந்தகடுகளை 7, 8 செ.மீ. விட்டத்துக்கு வெட்டி, நடுவில் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய 6 முதல் 8 துடுப்புகளை ஒட்டலாம். ஒவ்வொன்றும் 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம். குறுந்தகட்டை நேராக வெட்டினால் விரிசல் விடும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, கத்தரியால் வெட்டுங்கள். கீழே வரும் துடுப்பு முழுதாக நனையும் அளவுக்கு, அதாவது 2 செ.மீ. மட்டுமே சக்கரம் மூழ்க வேண்டும். அதிகம் மூழ்கினால் உள்ளே இறங்கும் துடுப்பு தண்ணீரைக் கீழே அழுத்தும், வெளியே வரும் துடுப்பு தண்ணீரை மேலே தூக்கும். சக்தியெல்லாம் அதிலேயே போய்விடும். கியர் பெட்டியின் அச்சு வெளியே வரும் இடத்தில் தெளிக்கும் நீர் உள்ளே போகாமல் ஒரு ரப்பர் வாஷரும் கொஞ்சம் கிரீஸும்.

நீருக்குள் விசிறி வைப்பதென்றால் வேலை நுணுக்கமாகிறது. சாதாரண 130 மோட்டாரின் தண்டு 2 மி.மீ.; சைக்கிள் சக்கரக் கம்பியும் வழக்கமாக 2 மி.மீ. தடிமன். எனவே கம்பியே ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் மரை இருக்கிறது, அதில் ஏறும் பித்தளை நிப்பிளும் கூடவே வருகிறது. தகர டப்பாவின் மூடியில் 28 மி.மீ. வட்டம் வெட்டி, மூன்று இலையாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் 30 டிகிரி திருகி, நடுவில் நிப்பிளைச் சால்டர் செய்தால் விசிறி தயார். பித்தளையும் தகரமும் ஈயத்தை நன்றாகப் பிடிக்கும். மரை வழக்கமான வலமரை. பின்னாலிருந்து பார்க்கும்போது முன்னோட்டத்தில் விசிறி இடஞ்சுழியாகச் சுற்றும்படி இலைகளைத் திருகினால் ஓட ஓட இறுகும். மாறாகத் திருகினால் நடுக்குளத்தில் கழன்று அடியில் போய்விடும். பின்னோட்டத்தில் கழலாமல் இருக்க மரையில் ஒரு துளி சூப்பர் க்ளூ.

ஷாஃப்ட் போகும் குழாய்க்குப் பழைய ரேடியோவின் நீளும் ஏரியலைப் போல வசதியான பொருள் வேறு இல்லை. உள்விட்டம் 2.2 முதல் 2.5 மி.மீ. இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். பேனா ரீஃபில் குழாயில் கம்பி நுழைந்தாலும் பயன்படும், ஆனால் சீக்கிரம் தேய்ந்து வழிவிடும். குழாயின் உள்முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிரீஸ் தீர்ந்தாலும் உள்முனை மேலே இருந்தால் நின்ற படகுக்குள் தண்ணீர் ஏறாது. கணக்கு எளிது: வெளிமுனை மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே, உள்முனை 1.5 செ.மீ. மேலே, சாய்வு 15 டிகிரி என்றால் குழாய் 17 செ.மீ. வேண்டும். குட்டையான குழாயை வைத்தால் சாய்வு கூடி, விசிறி படகை முன்னால் தள்ளுவதற்குப் பதில் பின்பக்கத்தைத் தூக்கும்.

மோட்டார் தண்டையும் கம்பியையும் 1.5 செ.மீ. சிலிக்கான் குழாய்த் துண்டால் இணையுங்கள், நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டு. கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதாது. மோட்டாரை ஒட்டும் முன் கையில் பிடித்தபடி ஓட்டி, சத்தம் குறைவாகவும் ஆம்பியர் குறைவாகவும் வரும் நிலையில் ஒட்டுங்கள். கோணல் இருந்தால் விசிறி சுழலும் முன்பே சக்தியில் பாதி உராய்வில் போய்விடும். தண்ணீர்த் தொட்டியில் படகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மீட்டரில் 1 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து காட்டினால் விசிறியை 2 மி.மீ. 2 மி.மீ. ஆக வெட்டிக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பெரிய விசிறி வேகம் தரும் என்பது ஒரு நல்ல ஆசை மட்டுமே.

காற்று விசிறிப் படகுதான் மூன்றிலும் வேகமாகக் கட்டி முடிவது. டிரோனின் இரண்டு மோட்டார்களை இறக்கையோடு பின்புறம் ஒரு சட்டத்தில் நிறுத்தினால் ஆயிற்று. 100 கிராம் டிரோனை நான்கு மோட்டார் தூக்கியது என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது 25 கிராம் தள்ளும். இரண்டுக்கு 50 கிராம். 200 கிராமுக்குள் இருக்கும் தட்டையான தெர்மாகோல் படகு இதில் வழுக்கிக்கொண்டு போகும். பாசியும் புல்லும் உள்ள ஆழமில்லாத தண்ணீரில் வேறெதுவும் இதற்கு ஈடாகாது. குறைகளும் சிறியவை அல்ல. காற்றடித்தால் படகு காற்றின் சொல்படிதான் போகும். பின்னோட்டம் பெயருக்குத்தான். அந்தச் சிறு மோட்டார்களின் பிரஷ் மிக மெல்லியது. தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இறக்கையைச் சுற்றிக் கம்பி வளையம் இல்லாமல் சிறுவர் கையில் கொடுக்காதீர்கள்.

மற்ற மோட்டார்கள் பற்றிக் கொஞ்சம்

பிரின்டர் மோட்டார் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதிக வோல்ட்டுக்குச் சுற்றியது, 24 வோல்ட் வகை 6 வோல்ட்டில் கால் பங்கு வேகம்தான் போகும். அதற்குப் பெரிய விசிறியோ துடுப்போ பொருத்தம், 28 மி.மீ. விசிறி அல்ல. ஹேர் டிரையர் மோட்டாரின் பின்னால் நான்கு டயோடுகள் இருக்கும்; அவற்றை வெட்டி எடுத்துவிட்டு முனைகளில் நேராக இணைக்க வேண்டும். டிவிடி டிரைவின் தட்டைச் சுற்றும் மோட்டாரிலிருந்து இரண்டுக்கு மேல் வயர் வந்தால் அது பிரஷ் இல்லாதது, பொம்மைப் போர்டுக்கு உதவாது. கம்ப்யூட்டர் ஃபேன் ஒரே திசையில்தான் சுற்றும்.

எந்த பிரஷ் மோட்டாரானாலும் 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் மூன்று வையுங்கள்: இரு முனைகளுக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொன்று. உடலில் சால்டர் பிடிக்கவில்லை என்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பற்றவைக்கவும். இதை விட்டுவிட்டு, கரையில் சரியாக ஓடிய படகு தண்ணீரில் தானாகத் திரும்புகிறது, நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரின் காதில் ரிமோட்டை விடச் சத்தமாகக் கேட்கும்.

ஏரியல் வயரை வெட்டவோ நீட்டவோ வேண்டாம். பொம்மையில் இருந்த அதே நீளத்தை ஒரு உறிஞ்சுகுழலுக்குள் விட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள், மோட்டார் வயரிலிருந்து விலக்கி. 2.4 கிகாஹெர்ட்ஸில் நுனியில் தெரியும் 31 மி.மீ. மட்டுமே உண்மையான ஏரியல். அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். அந்த அலை தண்ணீருக்குள் சில செ.மீ. கூடப் போகாது. தூரத்தைச் சோதிப்பதும் மோட்டார் ஓடும்போதுதான். தரையில் எத்தனை அடியில் அறுகிறதோ அதில் பாதியை மட்டுமே தண்ணீரில் நம்பலாம்.

உடல்: எடைதான் அளவைச் சொல்லும்

ஒரு கன செ.மீ. தண்ணீரை விலக்கினால் ஒரு கிராம் மிதக்கும். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாமல் கட்டிய படகு ஒன்று மூழ்கும், அல்லது துடுப்பு தண்ணீரைத் தொடாமல் காற்றைத் துழாவும். டாங்கிலிருந்து எடுத்த இரண்டு கியர் பெட்டி, போர்டு, நான்கு ஏஏ ரீசார்ஜ் செல், துடுப்புகள், மேல்தட்டு எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வையுங்கள். 35 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலமுள்ள இரண்டு தெர்மாகோல் மிதவைகள் ஒவ்வொரு செ.மீ. மூழ்கும்போதும் 420 கிராம் தாங்கும். ஆக ஒரு செ.மீ. மூழ்கி நிற்கும், 4 செ.மீ. தடிமன் இருந்தால் மீதி மூன்று மேலே. இரட்டை மிதவை அவ்வளவு எளிதில் கவிழாது, நடுவில் எல்லாம் வறண்டு இருக்கும்.

ஒற்றை உடல் விசிறிப் படகுக்கு 40 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் நல்ல அளவு. மூக்கு கூராக இருப்பதால் முழுப் பெட்டியில் 0.6 பங்கே கணக்கு: 2 செ.மீ. மூழ்கினால் சுமார் 670 கிராம். இப்படித் தண்ணீரை விலக்கிப் போகும் உடலுக்கு வேகத்தில் ஓர் எல்லை உண்டு. நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25 ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 40 செ.மீ. படகுக்கு 0.8 மீட்டர். அதற்கு மேல் எத்தனை பெரிய மோட்டார் வைத்தாலும் அலைதான் பெரிதாகும். தண்ணீர் மேல் எழும்பி வழுக்கும் தட்டை அடி வேண்டும் என்றால் எடையைக் குறைத்து, 380 மோட்டாரும் இஎஸ்சியும் வேண்டும். பொம்மைப் போர்டின் எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

தெர்மாகோலில் சூப்பர் க்ளூவும் ரப்பர் பசையும் பட்டால் குழி விழும். பாலியெஸ்டர் ரெசின் அதை முழுதாகக் கரைத்துவிடும். எப்பாக்சி ஒன்றும் செய்யாது. வெள்ளைப் பசையில் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, மேலே காகிதமும் எப்பாக்சியும் பூசுவது நிதானமான வழி. குளிர்பான பாட்டில் உறுதியானது, தண்ணீர் புகாது, ஆனால் ஒற்றை பாட்டில் உருண்டுவிடும். இரண்டை 12 செ.மீ. இடைவெளியில் கட்ட வேண்டும். க்ளூ கன் பசை பாட்டிலில் பிடித்ததுபோலத் தெரியும், குளிர்ந்த தண்ணீரில் பத்தாவது நிமிடம் உரிந்து வரும். கட்டுக்கம்பியோ பிளாஸ்டிக் கட்டும் டேக்கோ சேர்த்தே கட்டுங்கள். மூடி இறுகும் சாப்பாட்டு டப்பா உடலாகாது, ஆனால் போர்டுக்கும் பேட்டரிக்கும் அதைவிட நல்ல அறை கிடைக்காது.

பேட்டரிக்கு நான்கு ஏஏ ரீசார்ஜ் செல், 4.8 வோல்ட். பழைய லேப்டாப்பின் 18650 லித்தியம் செல் ஆசை காட்டும். முழுச் சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட்; இரண்டைத் தொடராக வைத்தால் 8.4, ஆறு வோல்ட் போர்டு அன்றே போகும். மூன்று ஏஏ செல்லில் ஓடிய பொம்மைக்கு ஒற்றைச் செல் சரியாகப் பொருந்தும். கழற்றும்போது 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததைச் சார்ஜ் செய்து பார்க்கக்கூடாது. பாதுகாப்புப் போர்டு இல்லாமல் படகில் வைக்கவும் கூடாது. ஆறு வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி மட்டுமே முக்கால் கிலோவை நெருங்கும். டிரில் மோட்டார் வைத்த பெரிய படகில் அதுவே அடிக்கனமாக நிற்கும், சிறியதில் மூழ்கடிக்கும்.

யாருக்கு எது?

டாங்க் பொம்மை கையில் இருந்தால் துடுப்பும் இரட்டை மிதவையும். சால்டரிங் தெரியாதவர்கூட இரண்டு மாலையில் முடிக்கலாம், தண்ணீர் புகுவது என்ற பிரச்சினையே கிடையாது. பொம்மைகளில் கட்டும் முதல் படகாக இதைத்தான் சொல்வோம். கார் மட்டும் இருந்தால் ஒரு விசிறி, ஒரு சுக்கான். குழாய் வேலைக்குப் பொறுமை வேண்டும். பாசி நிறைந்த ஆழமற்ற தண்ணீர் என்றால் காற்று விசிறி, காற்றில்லாத நாளாகப் பார்த்து. அலங்காரமான, வடிவம் பார்த்துக் கட்டும் படகு என்றால் பொம்மைப் போர்டில் நேரத்தை வீணாக்காமல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள். பல வாரம் உழைத்து இழைத்த உடலைத் தட்டித் தட்டித் திருப்பும் சுக்கானோடு ஓட்டுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

முதல் ஓட்டத்துக்கு முன், எந்த வழியானாலும், படகின் உள்ளே டிஷ்யூ காகிதத்தைப் பரப்பி, மோட்டார் ஓடாமல் பத்து நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு ஓடவிட்டுப் பத்து நிமிடம். எந்த மூலையில் காகிதம் கறுத்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. கடல்நீரிலும் உப்பங்கழியிலும் பொம்மைப் போர்டு வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி உள்ளே போனாலும் செம்புக்கோடுகள் பச்சை பூத்துவிடும். உடல் தெர்மாகோலில் இல்லையென்றால் காலி இடத்தில் மொத்த எடையையும் மிதக்க வைக்கும் அளவுக்குத் தெர்மாகோலைத் திணித்து வையுங்கள், நிரம்பினாலும் மிதக்கும். முதல் சில ஓட்டங்களில் பின்புறம் ஒரு மீன்பிடி நரம்பு கட்டியிருக்கட்டும், விசிறியில் சிக்காதபடி உயரத்தில். பேட்டரி தீர்ந்து நடுவில் நின்றுவிட்டால் நீந்திப் போய் எடுக்க வேண்டாம். நரம்பு கட்டாத படகென்றால் எதிர்க்கரையில் போய் உட்கார்ந்திருங்கள்; காற்று அந்தப் பக்கம் வீசினால் அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.